திசையைக் காண்பது கண்ணா, மூளையா?

விடுமுறைக்கு ஊர் செல்லும் ரயிலில் சன்னலோரம் அமர்ந்து, பின்னோக்கி ஓடும் தரையையே நெடுநேரம் பார்க்கிறோம். வண்டி நிலையத்தில் நிற்கிறது. ஆனால், நடைமேடை மெல்ல முன்னோக்கி நகர்வதுபோல் தோன்றுகிறதே! இது ஏன்?

1834-ஆம் ஆண்டில் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர், ஸ்காட்லாந்திலுள்ள ஃபாயர்ஸ் அருவியைச் சிறிது நேரம் உற்று நோக்கிவிட்டு அருகிலிருந்த பாறையைப் பார்த்தார். பாறை மேல்நோக்கி ஏறுவதாகத் தோன்றிற்று. இதனை 'அருவி மயக்கம்' எனலாம்.

இதன் காரணத்தை அறிய, திசை எவ்வாறு புலனாகிறது என்று முதலில் காண்போம். விழித்திரையில் அடுத்தடுத்த இரு புள்ளிகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஒளி ஒரு புள்ளியில் முந்தியும் மற்றதில் சற்றே பிந்தியும் விழுகிறது. எது முந்தியது, எது பிந்தியது என்று ஒப்பிட்டால் திசை தெரிந்துவிடும். இவ்வொப்பீட்டை நரம்பணுக்கள் செய்கின்றன. பார்லோ, லெவிக் என்னும் இருவர் முயலின் விழித்திரையை ஆராய்ந்து 1965-இல் இதை விளக்கினர். ஒளி ஒரு திசையில் நகர்ந்தால் நரம்பணு குறிப்பு அனுப்பும். எதிர்த்திசையில் நகர்ந்தாலோ, ஒளி முதலில் தொட்ட இடத்திலிருந்து ஒரு தடை பரவி, அடுத்த இடத்தில் எழவேண்டிய குறிப்பை அடக்கிவிடும்.

மனிதரிடத்தில் இப்பணி பெரும்பாலும் மூளையில் நடைபெறுகிறது. ஒரு கண்ணால் மட்டும் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, அதை மூடி மறு கண்ணால் நோக்குங்கள். அப்பொழுதும் மயக்கம் ஓரளவு தோன்றும். இரு கண்களின் செய்தியும் கூடுமிடம் மூளையல்லவா?

அங்கே எதிரெதிர்த் திசைகளுக்குரிய நரம்பணுக்கள் தராசின் இரு தட்டுகள் போன்றவை. இரண்டும் சமமானால் பொருள் நிற்பதாக உணர்கிறோம். ஒரே திசையை நெடுநேரம் பார்த்தால் அத்திசைக்குரிய அணுக்கள் சோர்கின்றன. அவற்றின் தட்டு எடை குறைகிறது. எதிர்த்தட்டு தாழ, நிற்கும் பொருளும் எதிர்த்திசையில் நகர்வதாகத் தோன்றுகிறது.

இத்தராசே பழுதானால்? மூளையின் இருபுறமும் சேதமுற்ற ஒரு பெண்மணியைப்பற்றி 1983-இல் ஜெர்மானிய ஆய்வாளர் எழுதினர். அவருக்கு நிறமும் வடிவும் தெரிந்தன, ஓட்டம் தெரியவில்லை. கோப்பையில் ஊற்றும் தேநீர் உறைந்து நிற்பதாகவே கண்டார். அது நிரம்புவதை அறியமாட்டார். தொலைவில் கண்ட கார் திடீரென அருகில் வந்து நிற்கும். எனவே, சாலையைக் கடக்க அஞ்சினார்.

நாம் நாள்தோறும் அச்சமின்றிச் சாலையைக் கடப்பது இந்தத் தராசை நம்பித்தான்.