குற்றம் வேறு, அச்சம் வேறு

ஒரு வட்டாரத்தில் திருட்டும் வழிப்பறியும் எந்த அளவுக்கு நடக்கின்றனவோ அந்த அளவுக்கே அங்கு வாழ்பவர்கள் அஞ்சுவார்கள் என்று கருதுவது இயல்பே ஆயினும், குற்றவியல் ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் தனித்தனியாகவே அளக்கிறார்கள். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளின்படி, தெருத் தாக்குதல்களுக்கு மிகுதியாக இலக்காவோர் இளம் ஆண்களாக இருக்க, மிகுதியாக அஞ்சுவோர் பெண்களும் முதியவர்களுமாக இருக்கிறார்கள். இதை வீண் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒருமுறை தள்ளிவிட்டாலே இடுப்பெலும்பு முறியக்கூடிய வயதினருக்கும், பாலியல் அத்துமீறலையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டியவர்களுக்கும் ஆபத்தின் கணக்கு வேறாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் 1970களில் 28 நகரங்களில் காவலர்களை வாகனங்களிலிருந்து இறக்கி நடந்தே ரோந்து சுற்றச் செய்தது. நெவார்க் நகரில் அதன் விளைவை ஆராய்ந்தபோது, குற்றங்கள் குறையவில்லை என்பதும், மக்களோ அவை குறைந்துவிட்டதாக நம்பினார்கள் என்பதும், கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருப்பது போன்ற தற்காப்புகளைத் தளர்த்தினார்கள் என்பதும் தெரியவந்தன. ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் 1982இல் எழுதிய கட்டுரை இதற்குக் கூறிய விளக்கம் சுவையானது. குடித்தவர் வாசற்படியில் உட்காரலாம், படுக்கக் கூடாது. மதுப் புட்டி காகிதப் பைக்குள் இருக்க வேண்டும். பேருந்துக்குக் காத்திருப்போரிடம் பிச்சை கேட்கக் கூடாது. சட்டப் புத்தகத்தில் இல்லாத இத்தகைய விதிகளைக் காவலரும் தெருவாசிகளும் சேர்ந்து வகுத்திருந்தார்கள். அதாவது, மக்களை அச்சுறுத்தியது கொள்ளை மட்டுமன்று, அடுத்த கணம் யார் என்ன செய்வார் என்று கணிக்க முடியாத நிலையுமே.

அச்சத்துக்கு மக்கள் ஆற்றும் எதிர்வினைகளில் பரவலானது ஒதுங்கிக்கொள்வது. இருட்டியபின் வெளியே போகாமலிருப்பதும், கம்பிக் கதவும் கேமராவும் பொருத்துவதும் தனி வீட்டுக்குக் காப்பாகலாம். ஆனால் ஒவ்வொருவரும் உள்ளே போகப் போகத் தெருவில் கவனிக்க ஆளின்றிப் போவதால், எஞ்சியவர்களின் அச்சம் கூடுகிறது.

கூட்டாகக் காவல் காப்பது இதற்கு மாற்று என்பார்கள். ஆனால் அது பெரும்பாலும் 'நம்மவர்', 'புதியவர்' என்ற பிரிவினையின் மீதே நிற்கிறது. நெவார்க்கிலும் காவலர் புதியவரைத்தான் விசாரித்தார். அந்தப் பிரிவினை எவ்வளவு கொடியதாக முடியும் என்பதைத் தமிழ்நாடு 2018 மே மாதத்தில் கண்டது. குழந்தை கடத்தும் வடநாட்டுக் கும்பல் சுற்றுவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த நாள்களில், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூருக்கு அருகே, குலதெய்வக் கோயிலுக்கு உறவினர்களுடன் காரில் வந்து வழி கேட்க நின்று, சிறுவர்களுக்குச் சாக்லேட் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவர் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். ஊரைக் காப்பதாகவே அந்தக் கும்பல் எண்ணியிருக்க வேண்டும்.

இத்தகைய கொலைகள் பல மாநிலங்களில் தொடர்ந்ததை அடுத்து, அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு விதித்தது. அது வதந்தியின் வேகத்தைக் குறைக்குமே தவிர, ஊருக்குள் வரும் புதியவரைக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு உண்டு, கேட்டவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதைத் தீர்க்காது.