உங்களுக்குத் தெரியுமா? ஆங்கில இலக்கியத்தின் அடிதடிப் பக்கங்கள்

பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்கள் இலக்கிய இயக்கங்களின் பெயர்களையும் பத்திரிகைகள் தொடங்கிய ஆண்டுகளையும் உருப்போட்டிருப்பார்கள். அவற்றுக்குப் பின்னால் நடந்த வம்பு வழக்குகளைப் பரீட்சையில் யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பாதிப் பேர் முதல் வகுப்பில் தேறியிருப்பார்கள்.

*

உயிரோடு இருக்கும் ஜோசியரை எழுத்தாலேயே சாகடித்த கதை தெரியுமா? ஜான் பார்ட்ரிட்ஜ் என்பவர் லண்டனில் பஞ்சாங்கம் போட்டுப் பிழைத்தவர். 1708-இல் ஐசக் பிக்கர்ஸ்டாஃப் என்ற பெயரில் ஒரு சிறு பிரசுரம் வந்தது. மார்ச் 29-ஆம் தேதி இரவு பதினோரு மணி வாக்கில் பார்ட்ரிட்ஜ் காய்ச்சல் கண்டு சாவார் என்று அதில் கணித்திருந்தது. நாள் வந்தது, சொன்னபடியே செத்துப்போனார் என்று அடுத்த பிரசுரமும் வந்தது. ‘ஐயா, நான் உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று அவர் தம் அடுத்த பஞ்சாங்கத்தில் அச்சடித்துப் பார்த்தார். இப்படிப்பட்ட குப்பையை உயிருள்ள மனிதன் எவனும் எழுதியிருக்க முடியாது, ஆகவே அவர் செத்தது உறுதி என்று பிக்கர்ஸ்டாஃப் பதில் வாதம் வைத்தார். அந்தப் பெயரில் ஒளிந்திருந்தவர் ஜோனதன் ஸ்விஃப்ட். பெயருக்குக் கிடைத்த மவுசைப் பார்த்த ரிச்சர்ட் ஸ்டீல், 1709 ஏப்ரலில் ‘டாட்லர்’ இதழைத் தொடங்கும்போது அதே பிக்கர்ஸ்டாஃபைத் தன் ஆசிரியராக்கிக்கொண்டார்.

*

‘ஸ்பெக்டேட்டர்’ 1711 மார்ச் 1-இல் பிறந்தது. ஞாயிறு தவிர தினமும் வரும், விலை ஒரு பென்னி. நாளுக்கு 3,000 பிரதி விற்கிறது, ஒரு பிரதியை 20 பேர் படிக்கிறார்கள், எனவே வாசகர்கள் 60,000 என்று பத்தாவது இதழிலேயே அதை நடத்திய அடிசன் கணக்குச் சொன்னார். இன்றைய விளம்பர மேலாளர்கள் போடும் அதே கணக்குதான். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசு முத்திரை வரி போட்டதும் விலை இரண்டு பென்னியானது. டிசம்பரில் 555-ஆம் இதழோடு கடை மூடியது.

*

அந்த முத்திரை வரியிலிருந்து தப்ப கவிஞர் கோல்ரிட்ஜ் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். வார இதழுக்குத்தானே வரி? 1796-இல் அவர் தொடங்கிய ‘வாட்ச்மேன்’ எட்டு நாளைக்கு ஒருமுறை வந்தது. பத்து இதழ்களில் நின்றும் போனது. விற்காத கட்டு வீட்டில் கிடந்தது. ஒருநாள் காலையில் வேலைக்காரப் பெண் கணப்பு மூட்ட ஏகப்பட்ட தாளைச் செலவழிப்பதைப் பார்த்துக் கண்டித்தாராம். ‘வெறும் வாட்ச்மேன்தானே ஐயா’ என்கிற மாதிரி பதில் வந்தது. இதைப் பிற்பாடு எழுதி வைத்தவரும் கோல்ரிட்ஜேதான்.

*

நாடாளுமன்ற விவாதங்களை அச்சிடக் கூடாது என்று தடை இருந்த காலம். ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ அதற்காகச் சும்மா இருக்கவில்லை. ‘லில்லிபுட் நாட்டு சபையில் நடந்தது’ என்று தலைப்புப் போட்டு, பெயர்களைக் கொஞ்சம் கலைத்து எல்லாவற்றையும் வெளியிட்டது. 1740-களின் தொடக்கத்தில் அந்தப் பேச்சுகளை எழுதித் தந்தவர் சாமுவேல் ஜான்சன். சபைக்குள் உட்கார்ந்து கேட்டு எழுதியவையல்ல. கிடைத்த துண்டுத் தகவலை வைத்து அறையில் இருந்தபடி இட்டுக்கட்டியவை. உறுப்பினர்கள் இத்தனை நன்றாகப் பேசியிருப்பார்களா என்பது சந்தேகமே.

*

1613 ஜூன் 29. குளோப் அரங்கில் ‘எட்டாம் ஹென்றி’ நடந்துகொண்டிருந்தது. நாடகத்தில் அரசர் வருகைக்காகச் சுட்ட பீரங்கியின் பொறி கூரை வேய்ந்த புல்லில் விழுந்து அரங்கமே எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஒருவருடைய கால்சட்டையில் மட்டும் தீப்பிடித்தது. கையிலிருந்த பீரை ஊற்றி அணைத்தார்கள்.

*

ஆங்கில நாவலுக்கு ஹென்றி ஃபீல்டிங்கைக் கொடுத்தது ஒரு பிரதமரின் கோபம். மேடையில் தன் அரசை அவர் கிழித்துத் தோரணம் கட்டியதைப் பொறுக்காத வால்போல் 1737-இல் சட்டம் கொண்டுவந்தார். அரண்மனை அதிகாரியான லார்டு சேம்பர்லினின் அனுமதி இல்லாமல் புது நாடகம் மேடையேறக் கூடாது. பிழைப்புப் போன ஃபீல்டிங் சட்டம் படித்தார், நாவல் எழுதினார். ‘டாம் ஜோன்ஸ்’ 1749-இல் வந்தது. சட்டமோ லேசில் சாகவில்லை. பெர்னார்ட் ஷா 1893-இல் எழுதிய ‘மிஸஸ் வாரன்ஸ் புரொஃபஷன்’ லண்டனில் அனுமதியோடு மேடையேற 1925 வரை காத்திருந்தது. தணிக்கை ஒழிந்தது 1968-இல். மறுநாளே ‘ஹேர்’ இசை நாடகம் லண்டனில் அரங்கேறியது.

*

அதே ஃபீல்டிங் மாஜிஸ்திரேட்டாகி, லண்டன் பௌ ஸ்ட்ரீட்டில் ஒரு காவல் படையைத் தொடங்கினார். 1806-இல் அந்த பௌ ஸ்ட்ரீட்காரர்கள் ஓர் இலக்கியச் சண்டையைத் தடுத்தார்கள். தாமஸ் மூரின் கவிதைகளை ஆபாசம் என்று ‘எடின்பரோ ரிவ்யூ’ ஆசிரியர் பிரான்சிஸ் ஜெஃப்ரி எழுதிவிட்டார். மூர் துப்பாக்கிச் சண்டைக்கு அழைக்க, இருவரும் சாக் ஃபார்மில் எதிரெதிரே நின்றார்கள். சுடுவதற்குள் காவலர்கள் வந்து பிடித்துப் போனார்கள். சோதித்தால் ஒரு துப்பாக்கியில் குண்டே இல்லை! ஊர் சிரித்தது. பைரன் அதைக் கவிதையில் கேலி செய்ய, மூர் பைரனையும் சண்டைக்கு அழைத்தார். கடைசியில் மூர் ஜெஃப்ரிக்கு நண்பர், அவர் இதழில் எழுத்தாளர்; பைரனுக்கு வாழ்க்கை வரலாறு எழுதியவர்.

பதினைந்து ஆண்டு கழித்து அதே இடத்தில் காவலர்கள் வரவில்லை. கீட்ஸ், லீ ஹன்ட் வட்டத்துக்குக் ‘காக்னிப் பள்ளி’ என்று பட்டம் கட்டி, கீட்ஸை மருந்துக் கடைக்கே திரும்பிப் போகச் சொன்னது ‘பிளாக்வுட்ஸ்’ இதழ். எழுதியவர் பெயர் வெறும் ஓரெழுத்து. அதன் பின்னால் இருந்தவர் வால்டர் ஸ்காட்டின் மருமகன் லாக்ஹார்ட். ‘லண்டன் மேகசின்’ ஆசிரியர் ஜான் ஸ்காட் (வால்டருக்கு உறவில்லை) இந்த முகமூடி எழுத்தைத் தோலுரித்தார். லாக்ஹார்ட் லண்டனுக்கே வந்து மன்னிப்புக் கேட்கச் சொல்லி மல்லுக்கு நின்றார். அவர் ஊர் திரும்பிய பிறகும் தகராறு ஓயவில்லை; அது நண்பர் கிறிஸ்டியின் தலையில் விடிந்தது. 1821 பிப்ரவரி 16, நிலா வெளிச்சத்தில் இரவு ஒன்பது மணிக்கு ஸ்காட்டும் கிறிஸ்டியும் நின்றார்கள். முதல் சுற்றில் கிறிஸ்டி வேண்டுமென்றே வேறு பக்கம் சுட்டார். அதைக் கூடச் சென்ற துணையாட்கள் உரக்கச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. இரண்டாம் சுற்றில் ஸ்காட் வயிற்றில் குண்டு வாங்கினார். 27-ஆம் தேதி இறந்தார். நான்கு நாள் முன்புதான் ரோமில் காசநோயால் கீட்ஸ் இறந்திருந்தார். கிறிஸ்டியை நீதிமன்றம் விடுவித்தது.

*

1895 ஏப்ரலில் ஆஸ்கர் வைல்டைக் கைது செய்தபோது அவர் கக்கத்தில் மஞ்சள் புத்தகம் ஒன்று இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அது பிரெஞ்சு நாவல் என்பார்கள். கூட்டம் அதெல்லாம் விசாரிக்குமா? ‘யெல்லோ புக்’ இதழை வெளியிட்ட பதிப்பகத்தின் ஜன்னல்களைக் கல்லால் அடித்து நொறுக்கியது. ஓவிய ஆசிரியர் பியர்ட்ஸ்லிக்கு வேலை போனது. அந்த இதழில் வைல்ட் ஒரு வரிகூட எழுதியதில்லை.

*

1956 மே மாதம் ராயல் கோர்ட் அரங்கில் ஜான் ஆஸ்போர்னின் ‘லுக் பேக் இன் ஆங்கர்’ மேடையேறியது. விளம்பரத்துக்குப் பொறுப்பாளரான ஜார்ஜ் ஃபியரனுக்கு நாடகம் அறவே பிடிக்கவில்லை. அதை ஆஸ்போர்னின் முகத்துக்கு நேராகவே சொன்னார். கூடவே, நீர் ஒரு கோபக்கார இளைஞர் போலிருக்கிறது என்றும் ஒரு வார்த்தை விட்டார். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொள்ள, ஒருவரையொருவர் சரியாக அறியாத எழுத்தாளர்களெல்லாம் ஒரே இயக்கத்துக்காரர்கள் ஆனார்கள்.