விளையாட்டும் ஒரு போஷாக்குதான்



ஒரு வயது முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அமைதி இராது. பாத்திரத்தைத் தட்டும், அரிசி டப்பாவைக் கவிழ்க்கும், செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும். இதை நாம் சேட்டை என்கிறோம். உண்மையில் அந்தப் பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறது. பிறக்கும்போது குழந்தையின் மூளை, பெரியவர்களுடைய மூளையின் எடையில் ஏறத்தாழக் கால் பங்குதான். இரண்டு வயது நிறையும்போது அது முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. இந்த வேகம் பிற்காலத்தில் ஒருபோதும் வருவதில்லை.

"பால், முட்டை, கீரை எல்லாம் கொடுக்கிறோம், அது போதாதா?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. உணவு அவசியம், ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கு ஜமைக்கா நாட்டிலிருந்து ஒரு சாட்சி உண்டு. 1986-87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளை மருத்துவர் சாலி கிரந்தம்-மெக்ரெகரும் அவருடைய குழுவினரும் தெரிந்தெடுத்தனர். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் சென்று, பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்கள் அதைப் பெறாதவர்களைவிடச் சராசரியாக 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். இந்த முடிவு 2014இல் வெளியானது. பயன்படுத்திய பொம்மைகளோ வீட்டில் செய்தவை: காலிப் பாட்டில்கள், அட்டைப் பெட்டிகள், துணித் துண்டுகள். ஆகவே பொம்மைக்குப் பணமில்லையே என்று எந்தத் தாயும் கலங்க வேண்டியதில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய சில விளையாட்டுகளைக் கீழே தருகிறோம்.

1. பேச்சு வளர

குளிப்பாட்டும்போதும் சமைக்கும்போதும் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்: "இது வெங்காயம், தோலை உரிக்கிறேன் பார்." கேள்வி கேட்டால் உடனே நீங்களே பதில் சொல்லிவிடாமல், மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். பிள்ளைக்குச் சொல் தேட நேரம் வேண்டும். அது "நாய்" என்றால், "ஆமாம், கறுப்பு நாய் ஓடுது" என்று ஒரு சொல்லை ஒரு வாக்கியமாக்கித் திருப்பிக் கொடுங்கள். குடும்பப் புகைப்படங்களை எடுத்து வைத்து, "தாத்தா எங்கே? அத்தை எங்கே?" என்று தொட்டுக் காட்டச் சொல்லலாம். வீட்டில் இரண்டு மொழி பேசினால் பேச்சு தாமதமாகும் என்ற பயம் தேவையில்லை, இரண்டையும் பேசலாம்.

2. கைவிரல்கள் பழக

சம்புடத்தை மூடித் திறப்பது, சிறிய டம்ளரைப் பெரிய டம்ளருக்குள் வைப்பது, பழைய செய்தித்தாளைக் கிழிப்பது, சப்பாத்தி மாவை உருட்டுவது: இவை எல்லாம் நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போகும் விரல்களுக்கான பயிற்சி. காலித் தீப்பெட்டிகளை அடுக்கச் சொல்லுங்கள். ஒன்றரை வயதில் மூன்றும், இரண்டு வயதில் ஆறும் அடுக்குவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு இயலும். அடுக்கியதைத் தள்ளிவிடுவதுதான் பிள்ளைக்குப் பெரிய ஆனந்தம், அதையும் அனுமதியுங்கள்.

3. கால்களும் உடலும் உறுதிப்பட

நம் முன்னோர் தந்த மூன்று சக்கர மர நடைவண்டி நல்லது. பிள்ளை தானே எழுந்து நின்று, தானே தள்ளி நடக்கிறது. ஆனால் பிள்ளையை உள்ளே உட்கார வைக்கும் வாக்கர் அப்படியல்ல. அது நடையை விரைவுபடுத்துவதில்லை. படியில் உருண்டு காயப்படவும் காரணமாகிறது. கனடா நாடு 2004இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. தலையணைகளைக் குவித்து ஏறி இறங்க விடுங்கள். கோலமாவால் தரையில் ஒரு கோடு போட்டு அதன்மேல் நடக்கச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நாளெல்லாம் சேர்த்து மூன்று மணி நேரமாவது ஓடியாடும் நேரம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது.

4. அறிவும் பாசமும் பெருக

கரண்டியைத் துணிக்கு அடியில் மறைத்துத் தேடச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாததும் இருக்கிறது என்பதைப் பிள்ளை இப்படித்தான் கற்கிறது. உள்ளங்கையில் பருப்புக் கடைவது, விரல்களால் கைமேல் நண்டு ஊர்ந்து அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுவது ஆகிய பழைய விளையாட்டுகளைப் பாட்டிமார் மறக்க வேண்டாம். அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்க்கவும், முகம் பார்த்துச் சிரிக்கவும் அவை கற்றுத் தருகின்றன. சொப்புச் சாமானில் சோறாக்கி உங்களுக்கு ஊட்டினால், மறுக்காமல் "ஆகா, ருசி!" என்று சாப்பிடுங்கள். துவைத்த துணியில் அப்பாவுடையதையும் பாப்பாவுடையதையும் பிரிக்கச் சொன்னால், வேலையும் நடக்கும், பாடமும் நடக்கும்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

பிள்ளையின் வாய்க்குள் முழுதாகப் போகக்கூடிய எதுவும் பொம்மையல்ல. புளியங்கொட்டை, நாணயம், கோலிக்குண்டு, முழு நிலக்கடலை ஆகியவை மூச்சுக் குழாயை அடைத்துவிடும். வட்டமான சிறு பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். ஒரு நிமிடமும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பக்கெட்டில் சில அங்குலத் தண்ணீர் போதும், தலைகுப்புற விழும் பிள்ளை மூழ்கிவிட. தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள்.

சோறூட்டுவதற்காகச் செல்போனைக் கையில் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் உள்ளது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பதும் 2019ஆம் ஆண்டின் அந்த அறிவுரையில் அடங்கும். திரை பேசும்; ஆனால் பிள்ளை சொல்வதைக் கேட்டு முகம் மலராது.

எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்?

எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் நடப்பதில்லை. நலமான பிள்ளைகள் எட்டு மாதம் முதல் பதினேழரை மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் தனியே நடக்கத் தொடங்கலாம். ஆனால் கீழ்க்கண்டவற்றைத் தள்ளிப்போடக் கூடாது:

* ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது
* ஒன்றரை வயதில் நடக்காதது, விரல் நீட்டிக் காட்டாதது, ஒரு சொல்லும் பேசாதது
* இரண்டு வயதில் "அம்மா வா" என்பதுபோல் இரு சொற்களைச் சேர்க்காதது
* எந்த வயதிலும், கற்றதை மறந்துபோவது

"அவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்று வீட்டுப் பெரியவர்கள் தேற்றுவார்கள். அன்பினால் சொல்வதுதான், ஆனால் காது கேளாத பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பில் விலைமதிப்பற்ற மாதங்கள் கழிந்துவிடும். பேச்சு தாமதமானால் முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் சோதனை. திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கி 1991இல் வெளிவந்த அட்டவணையில் 17 எளிய செயல்களே உள்ளன. கிராமப் பணியாளரும் அதைக் கொண்டு இரண்டு வயது வரையுள்ள பிள்ளையைச் சோதிக்கலாம். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், மாவட்டத் தொடக்க நிலை இடையீட்டு மையங்களில் இலவசமாக உதவி பெறலாம். அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டால் வழி சொல்வார்.

குறைபாடு உண்டென்று தெரிந்த பின்பும் விளையாட்டு நின்றுவிடக் கூடாது. பார்வை குறைந்த பிள்ளைக்குச் சலங்கை கட்டிய பந்து, காது கேளாத பிள்ளைக்குச் சைகையும் முகபாவமும், உட்கார முடியாத பிள்ளைக்குச் சுவரோரம் தலையணைகளின் தாங்கல்: சிறு மாற்றம் போதும். மற்றப் பிள்ளைகளைவிட அவர்களுக்கே விளையாட்டு அதிகம் தேவை.

வாசகர்களில் பலர் தாத்தா, பாட்டியராக இருப்பீர்கள். தினமும் அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து பேரப்பிள்ளையோடு விளையாடுங்கள். வேலைக்கும் பிள்ளைக்கும் இடையே திண்டாடும் இளம் தாய் ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், இந்தப் பக்கத்தை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.