இடிபாடுகளைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுமா?

திருகோணமலையில் தொல்பொருள் என்றாலே காணி பறிபோகுமோ என்ற அச்சம் எம்மவர்களுக்கு. அதற்குக் காரணமும் உண்டு. கிழக்கு மாகாணத் தொல்பொருள் முகாமைத்துவத்துக்கென 2020 ஜூனில் ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது, அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை.

ஆனால் அந்த இடிபாடுகள் ஒரே இனத்தின் கதையைச் சொல்லவில்லை. திரியாய் மலையுச்சியிலுள்ள பௌத்தத் தலத்தை, அங்குள்ள பாறைக் கல்வெட்டு வணிகர்களோடு தொடர்புபடுத்துகிறது. பெரியகுளத்தருகே வெல்கம் விகாரையில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்த பௌத்தப் பள்ளிக்குத் தமிழில் எழுதி வைத்துத் தானம் கொடுத்திருக்கிறார்கள். அதன் அன்றைய பெயர் இராஜராஜப் பெரும்பள்ளி. நாம் தொழும் இடத்துக்கும் 'பள்ளி' என்றுதானே சொல்கிறோம்!

இந்நாட்டுக்கு இது புதிதல்ல. பாவா ஆதம் மலையில் ஒரே பாதச்சுவட்டை நாம் ஆதம் நபியுடையது என்கிறோம். பௌத்தர்கள் புத்தருடையது என்கிறார்கள். இந்துக்கள் சிவனுடையது என்கிறார்கள்.

எனவே அகழ்வை நிறுத்துங்கள் என்று கேட்பதைவிட, அகழும்போதும் கல்வெட்டை வாசிக்கும்போதும் எல்லைக்கல் நடும்போதும் எல்லாச் சமூகத்தவரும் உடனிருக்க வேண்டும் என்று கேட்போம். அதற்கு எமது பிள்ளைகளும் தொல்லியல் படிக்க வேண்டும்.