சக்கரமும் சரிவும் – 14: பொகவந்தலாவையில் ஒரு சட்டக்காரர்

போன வாரம் டிக்கோயாவில், 1878-இல் கட்டிய வார்லி தேவாலய வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு நிறுத்தினேன். அதற்கு முன்னர் நடந்தது தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம் பொகவந்தலாவையிலிருந்து மலையைத் தாண்டி டயகமவில் இறங்குவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். இறங்கத்தான் பார்க்கிறேன். வழியில் ஒரு கல்லறை குறுக்கே வந்துவிட்டது.

நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் வழி, இந்தத் தொடரில் நாம் ஓட்டிய வழிகளிலேயே கால்களுக்கு ஆகச் சாதுவானது. கெஹெல்கமு ஓயா கூடவே வருகிறது. காசல்ரீ நீர்த்தேக்கம் பின்னால் போய்விடுகிறது. இரண்டு பக்கமும் மலை, நடுவில் அகன்ற பள்ளத்தாக்கு. ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். வெயிலும் குளிர்காற்றும் சேரும் அந்த மாதங்களில்தான் திம்புள்ளப் பகுதித் தேயிலைக்கு நல்ல தரம் வருகிறது, ரோடும் காய்ந்திருக்கும். மே மாதத்துக்குப் பிறகு தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால் பிரேக் கட்டை தேய்வதைத் தவிர வேறு பலன் கிடையாது.

பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்துக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருவது ஒரு பெண்ணைத் தேடி. ஜூலியா மார்கரட் கெமரன். 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதில்தான் கையில் கெமரா கிடைத்தது. அதற்குப் பிறகு டார்வினையும் டெனிசனையும் உட்கார வைத்துப் படமெடுத்தார். புகைப்படக் கலையின் வரலாற்றை எவர் எழுதினாலும் இவரைத் தாண்டிப் போக முடியாது. 1875-இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தபோது, தங்களுக்கென்று இரண்டு சவப்பெட்டிகளையும் ஒரு பசுமாட்டையும் கப்பலில் ஏற்றி வந்தார்கள் என்று குடும்பத்தில் ஒரு கதை உண்டு. போகிற இடத்தில் நல்ல பெட்டி கிடைக்குமோ என்ற சந்தேகமாம். 1879 ஜனவரி 26-ஆம் திகதி, டிக்கோயா பக்கத்து கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார். மாட்டு வண்டியில் மலை கடத்தி இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள் என்கிறார்கள். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் தாயாருக்கு இவர் பெரியம்மா முறை.

இதெல்லாம் எல்லா வழிகாட்டி நூல்களிலும் இருக்கிறது. இந்த வாரம் என்னைத் தூங்கவிடாமல் செய்தவர், அதே கல்லறையில் பக்கத்தில் படுத்திருக்கும் கணவர்.

சார்ள்ஸ் ஹே கெமரன். பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் கோல்புறூக் – கெமரன் ஆணைக்குழு என்று பாடமாக்கினோமே, அந்தக் கெமரன்தான். 1830-இல் இலங்கைக்கு வந்தார். 1832-இல் நீதித்துறை பற்றி அவர் கொடுத்த அறிக்கையின் சாரம் எளிது: கண்டிக்காரனுக்கு ஒரு நீதிமன்றம், கரையோரத்தானுக்கு ஒரு நீதிமன்றம், வெள்ளைக்காரனுக்கு ஒரு சலுகை என்று இருக்கக் கூடாது, நாடு முழுவதற்கும் ஒரே நீதி அமைப்பு. அந்த ஆணைக்குழுவின் சிபாரிசில்தான் கூலியில்லாமல் கட்டாய வேலை வாங்கும் இராஜகாரிய முறையும் ஒழிந்தது.

அதோடு நிற்கவில்லை. இங்கிருந்து போய், இந்தியாவின் முதலாவது சட்ட ஆணைக்குழுவில் மெக்காலேயோடு உட்கார்ந்தார். இந்திய தண்டனைச் சட்டத்தின் வரைவு 1837-இல் அந்த மேசையில்தான் உருவானது. 1860-இல் அது இந்தியாவில் சட்டமானது. அதை மாதிரியாக வைத்து 1883-இல் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை வந்தது. பல திருத்தங்களோடு அது இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதாவது, பொகவந்தலாவைப் பொலிஸில் இன்று காலை ஒரு கோழித் திருட்டை எழுதியிருந்தால்கூட, அதன் பாட்டன் வரைவில் இந்தத் தேவாலய வளவுக்குள் படுத்திருக்கிறவரின் கையும் இருக்கிறது. இலங்கைச் சட்டமாக அது வந்ததைப் பார்க்க அவர் இருக்கவில்லை, 1880-இலேயே போய்விட்டார்.

இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் கல்லறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அப்புறம் தலையை நிமிர்த்தினால் எதிரே கொழுந்து மலை.

கெமரன் குடும்பத்துக்கு இந்த நாட்டில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. கட்டாய வேலை ஒழிந்தும் கண்டிக் கிராமத்தவர்கள் தோட்டத்தில் கூலிக்குத் தங்கவில்லை. அதனால்தான் நம் ஆட்களைத் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் கூட்டிவந்தார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு இருந்தது வேறு சட்டம். 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்க வேலை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் குற்றம். மறியல் வீடுவரை போகலாம். தொரை கூலி பாக்கி வைத்தால் அது வெறும் கடன் வழக்கு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற, கடன் கணக்கு எழுதிய துண்டு கையில் வேண்டும். அந்தத் துண்டை ஒழிக்கவே 1921 ஆகிவிட்டது. எல்லோருக்கும் ஒரே நீதி என்று எழுதிய மனிதர் தன் கடைசி வருடங்களைக் கழித்தது, அந்த வாசகம் செல்லாத மலைகளுக்கு நடுவில். அவர் இதைப் பற்றி யோசித்தாரா என்றால், யோசிக்காமல் இருந்திருக்க முடியாத அளவுக்குப் படித்தவர் என்பதுதான் என் கோபம்.

சரி, பெடலை மிதிப்போம். பக்கம் தீர்ந்துகொண்டிருக்கிறது.

பொகவந்தலாவையிலிருந்து டயகமவுக்கு நேரே பஸ் ரோடு இல்லை. தோட்டத்து ரோடுகளும் ஜீப் பாதைகளும்தான். கண்டி ஹந்தானையில் தொடங்கி 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ நடைபாதையும் இந்தப் பக்கமாகத்தான் மலை தாண்டுகிறது. மெல்லிய டயரோடு வராதீர்கள். கவ்வாத்து வெட்டிய மலைகளின் ஊடே சரளைக்கல் பாதை வளைந்து வளைந்து ஏறும். பாதிக்கு மேல் தள்ளத்தான் வேண்டும். லயத்துப் பக்கத்தில் விறகு சுமந்து வந்த ஒரு அக்கா நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, ஏறி ஓட்டத்தானே சைக்கிள்? இத ஏன் நீங்க தூக்கிக்கிட்டு வாறீங்க?" யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு நிற்கிற வாகனம், இங்கே எத்தனையோ லயங்களில் ஒன்றுகூடக் கிடையாது. சரிவில் அதற்கு என்ன வேலை?

உச்சியில் மூச்சு வாங்க நிற்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஏறி வந்த பக்கத்தில் விழும் மழை கெஹெல்கமு ஓயாவாகி, களனியாகி, கொழும்புக்கு வடக்கே மேற்குக் கடலில் சேரும். இறங்கப் போகும் பக்கத்தில் விழுவது அக்ர ஓயா வழியாகக் கொத்மலை ஓயாவுக்குப் போய், மகாவலியோடு 300 கிலோமீற்றருக்கு மேல் சுற்றி, திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் கலக்கும். ஒரே தொப்பியிலிருந்து உதறிய இரண்டு துளிகள் தீவின் இரண்டு கரைக்குப் போகலாம். இடையில் தலவாக்கலையில் 2012-இல் திறந்த மேல் கொத்மலை அணை மறிக்கும். அங்கிருந்து ஏறக்குறைய 13 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஓடி மின்சாரமாகும். சென்கிளேயர் நீர்வீழ்ச்சி பழைய பருமனில் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

இவ்வளவு சிரமம் வேண்டாம் என்கிறவர்களுக்குத் தார் ரோடு இருக்கிறது: ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, டயகம. வழியில் டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்க எல்லா வான்களும் நிற்கும். நீங்களும் நில்லுங்கள். ஆனால் 1977 மே 11-ஆம் திகதி அதே டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்ற கூட்டத்தின்மீது பொலிஸ் சுட்டதையும், சிவனு லெட்சுமணன் என்ற இளைஞன் விழுந்ததையும் தெரிந்துகொண்டு நில்லுங்கள். மலையகத்தில் எந்தத் தொழிற்சங்கக்காரரைக் கேட்டாலும் சொல்வார். சுற்றுலாக் கையேடுகள் நீர்வீழ்ச்சியின் உயரத்தைத்தான் சொல்கின்றன.

டயகமவுக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. 1956-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் பொலிஸ் குண்டுக்குப் பலியான ஏப்ரகாம் சிங்கோ. தமிழ்த் தொழிலாளர்களின் தியாகிகள் பட்டியலில், முல்லோயா கோவிந்தனுக்கும் சிவனு லெட்சுமணனுக்கும் இடையில் ஒரு சிங்களப் பெயர் வந்து உட்கார்ந்த கதையை இரண்டு வரியில் முடிக்க எனக்கு மனமில்லை. ஹோர்ட்டன் சமவெளி ஏற்றமும் மிச்சம் இருக்கிறது. இரண்டும் அடுத்த வாரம். சைக்கிள் இப்போது டயகம பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துக் கடையில் நிற்கிறது. பின் சக்கரத்தில் இரண்டு கம்பி ஆடுகிறது, அதையும் பார்க்க வேண்டும்.