வேலியோரத்துத் தூதுவளை

தூத்துக்குடியை அடுத்த எங்கள் புதுக்கோட்டைப் பகுதியில் வெயிலுக்குக் குறைவில்லை. ஈர நிழலுக்குத்தான் பஞ்சம். ஆயினும் கிணற்றடியிலும் வாழை நிற்கும் மூலையிலும் சிறிதளவு ஈர நிழல் கிடைக்கும். அவ்விடம் தூதுவளைக்கு ஏற்றது.

தூதுவளை நம் மண்ணுக்குரிய முட்செடி. ஊதா நிறத்தில் பூத்து, உருண்டையாய்க் காய்த்து, சிவப்பாய்ப் பழுக்கும். ஐப்பசி மழை தொடங்கியதும் பழத்தின் விதையை விதைக்கலாம். முற்றிய தண்டை நறுக்கியும் ஊன்றலாம். படர்வதற்கு வேலியோ கொம்போ வேண்டும். மண் ஈரமாயிருக்க வேண்டும், நீர் தேங்கலாகாது. தண்டிலும் இலையிலும் வளைந்த முட்கள் உண்டு. ஆதலால் குழந்தைகளும் முதியோரும் நடமாடும் வழியில் வைக்க வேண்டா.

இலைகளைப் பறித்து, முள் நீக்கி, நன்கு கழுவி, நெய்யில் வதக்கித் துவையலாகவோ இரசமாகவோ ஆக்குவது நம் வீடுகளின் வழக்கம். சளிக்கும் இருமலுக்கும் சித்த மருத்துவம் இதனைப் பயன்படுத்துகிறது.

எனினும் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். 2 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குத் துவையல் விடையன்று. சளிப் பரிசோதனை வேண்டும். காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. கீரை உண்கிறோம் என்று காசநோய் மாத்திரையையோ ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரையோ இடையில் நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பிணிகளும் நாள்தோறும் மருந்து உட்கொள்வோரும் தாம் உண்ணும் மூலிகைகளை மருத்துவரிடம் தயங்காமல் கூறுங்கள்.

பாட்டி வைத்துத் தரும் இரசத்தை நாங்கள் தடுக்கவில்லை. அதனைப் பருகிவிட்டு, மாத்திரையையும் வேளை தவறாமல் உட்கொள்ளுங்கள் என்றே வேண்டுகிறோம்.