சிவப்புக் குள்ள நட்சத்திரங்களின் உக்கிரம்

நம்முடைய பால்வீதி மண்டலத்து நட்சத்திரங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு சிவப்புக் குள்ளர் இனத்தைச் சேர்ந்தவை. ஆயினும் அவற்றில் ஒன்றேனும் சாதாரணக் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அண்மையில், 4.24 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள பிராக்ஸிமா செண்டாரியும் இவ்வினமே. சூரியனுடைய நிறையில் எட்டில் ஒரு பங்கே கொண்ட இந்தச் சிறு நட்சத்திரம், 2019-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதியன்று, சில விநாடிகளுக்குள் புற ஊதாக் கதிர்களில் சுமார் 14,000 மடங்கு பிரகாசம் கொண்டு எழுந்தது.

இந்த உக்கிரத்துக்கு மூலகாரணம் காந்த சக்தியே. உள்ளே கொதித்துப் புரளும் மின்னூட்டமுற்ற வாயுவில் பிறக்கும் காந்தப் புலம், மேற்பரப்பைத் துளைத்து வெளிவந்து, முறுக்குண்டு, தன் சக்தியை மேலடுக்குகளில் சொரிவதனால், உயரே செல்லச் செல்லக் குளிர்ந்துவரும் வாயுமண்டலம் ஓர் எல்லைக்குப் பின் மீண்டும் சூடேறுகிறது. சூடேறிய அவ்வடுக்குக்கு நிறமண்டலம் என்று பெயர்.

அதன் உஷ்ணத்தை நேரில் அளக்க வழியில்லாமையால், எந்த உயரத்தில் எவ்வளவு உஷ்ணமும் அடர்த்தியும் இருக்கும் என்பதை முதலில் அனுமானித்து, அந்நிலையில் வெளிப்படக்கூடிய ஒளியைக் கணக்கிட்டு, தொலைநோக்கி காட்டும் நிறமாலையோடு அது இசையும் வரை திருத்திக்கொண்டே செல்வது விஞ்ஞானிகளின் முறை. இவ்வாறு 1979-இல் கிராம், முல்லன் என்னும் இருவர் அமைத்த கணித மாதிரிகள் ஒரு விசித்திரத்தை வெளிப்படுத்தின. நிறமண்டலம் சற்றே சூடேறும்போது ஹைட்ரஜன் அணுக்கள் கிளர்ச்சியுற்றுக் கீழிருந்து வரும் ஒளியை விழுங்குவதால், நிறமாலையின் சிவப்புப் பகுதியில் ஹைட்ரஜனுக்குரிய கோடு கருமையடைகிறது. உஷ்ணமும் அடர்த்தியும் மேலும் மிகும்போது அவ்வணுக்கள் தாமே ஒளியை உமிழ, கருமை படிப்படியாக நிரம்பி மறைந்து, முடிவில் கோடு பிரகாசமாகிறது. ஆகவே கோடே தென்படாத ஒரு நட்சத்திரம் முற்றும் அமைதியானதாகவும் இருக்கலாம், கணிசமான காந்தக் கொந்தளிப்பு உடையதாகவும் இருக்கலாம். கொந்தளிப்பு மிகுமளவுக்குத் தானும் மிகும் கால்சியத்தின் ஒளிக்கோட்டைச் சேர்த்து நோக்கினால்தான் ஐயம் தீரும்.

2016-இல் அறிவிக்கப்பட்ட பிராக்ஸிமாவின் கிரகமோ, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் இருபதில் ஒரு பங்கு தூரத்திலேயே தன் நட்சத்திரத்தைச் சுற்றுகிறது. அத்தகைய கிரகத்தில் காற்று நிலைக்குமா, உயிர் தழைக்குமா என்னும் கேள்விகளுக்கு, கிரகத்தை மட்டும் ஆராய்ந்து விடை காண இயலாது. அதன்மேல் இடையறாது பொழியும் புற ஊதாக் கதிர்களின் அளவை நிர்ணயிக்கும் நட்சத்திரத்தின் நிறமண்டலத்தை முதலில் நாம் செவ்வனே அறிந்தாக வேண்டும்.